ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி

ஞாயிறு மாலை. முத்தையாபுரத்திலிருந்து ஊருக்குள் வரும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் திரேஸ்புரத்து மீனவர்கள் இருவர். ஏறியதிலிருந்து கிரிக்கெட்டைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

"மேட்ச் முடிஞ்சா ரெண்டு நாட்டுக்காரனுவளும் கைகூடக் குடுக்க மாட்டேங்கானுவ. வெளையாட்டுலயும் அரசியலு."

"நா போன்ல ஆடுத துப்பாக்கி கேம்ல அப்படில்லாம் இல்லல," என்றான் ஜன்னலோரத்தில் போனும் கையுமாக இருந்தவன். "எனக்குக் காவலா நின்னு சுடுதவன் இலங்கை ரோந்துக் கப்பல்ல வேல பாக்கான்."

மற்றவன் குரல் சட்டென்று இறங்கியது.

"ஏலே, நம்ம படகப் பிடிக்கிற கப்பலா? அவன்ட்ட என்னல்லாம் சொன்ன?"

"எப்பம் வெளையாட வருவன்னு கேட்டான். ஞாயித்துக்கிழம கோயிலு, கடலுக்குப் போமாட்டோம், அன்னைக்கு வாரேன்னேன்."

"வேற?"

"படகு பேரு கேட்டான். சொன்னேன்."

"அறிவிருக்கால ஒனக்கு? விடிஞ்சா மொத்தப் படகும் கடலுக்குப் போவுது!"

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் படித்தான்.

"'நாளைக்கும் லீவு போடு, பிரதர்'னு அவந்தான் அனுப்பியிருக்கான்."

இரண்டு நிறுத்தங்கள் வந்து போயின.

"நாம போவாண்டாம்," என்றான் ஜன்னலோரத்தான், கடைசியில். "மத்த படகுக்காரங்களுக்கும் சொல்லிருவோம்."

"சொல்லு. ஒனக்கு யாருல சொன்னான்னு கேப்பாங்க. அப்பம் என்ன சொல்லுவ?"