எட்டாம் டிஸ்க்கில் இருந்த ஊர்

பால் விடாத இந்தப் பிளேன்ரீக்குச் சீனி வேண்டாம், அஸீமா மகள். பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பதுதான் என் பழக்கம். விசாரணை அதிகாரியின் மேசையில் பனங்கட்டி இருக்காது என்று தெரியும், மடியில் கொண்டுவந்திருக்கிறேன். நீங்களும் ஒரு துண்டு எடுங்கள். வாக்குமூலம் கொஞ்சம் நீளும்.

என் பெயர் கந்தப்போடி. ஊர் தன்னாமுனை. வயது எழுபத்து மூன்று. குவைத்தில் ஒரு வங்கியின் மெயின்பிரேம் கணினியை இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்டவன். மாட்டுக்கொட்டில் அளவு இயந்திரம் அது. ஒருமுறை அதற்குக் காய்ச்சல் வந்து, நான் ஈரத்துணி போட்டேன். மறுநாள் காலையில் எனக்குச் சலாம் சொன்னது. இதை நம்ப வேண்டாம். மற்றதையெல்லாம் நம்புங்கள்.

அதே இனத்து இயந்திரம் ஒன்று நமது வாவிக்கரைக் குடிப் பதிவகத்துக்கு வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தபோது, அதைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பொறியியலாளராக யதுர்ஷனைப் போட்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த, பணிவான பிள்ளை. நான்கு ஊர்களின் குடிப்பட்டியலையும் பழைய காந்த நாடாக்களிலிருந்து டிஸ்க்குகளில் ஏற்ற வேண்டும். பிறகு புதிய இயங்குதளத்தை நிறுவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இனி இளையதம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வவுணதீவில் இருக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது.

வலையிறவுப் பாலத்தடியில் ஹலீமின் தேநீர்க்கடை இருக்கிறதல்லவா, அங்கே மாலையில் நான் கதை சொல்வது வழக்கம். என் கொடுவாக் கதை பேர்போனது. தூண்டிலில் அகப்பட்ட கொடுவா மீன் என் தோணியை இழுத்துக்கொண்டு பாலத்துக்கடியால் மூன்று முறை போனது. மூன்றாம் முறை, வேகம் கூடிப்போயிற்று என்று பாலத்தில் நின்ற பொலிஸ்காரர் விசில் ஊதினார். மீன் நின்றது. இது நடந்த கதை. சென்ற தை மாதம் ஒருநாள் நான் அதைத் தொடங்கியபோது ஹலீம் சொன்னார்:

"அது இளையதம்பி அண்ணன்ட கதையெல்லோ? அவர் சொன்னா இன்னும் நல்லா இரிக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கதைக்கல்ல. என் மகன்மார் இருவரும் அங்கே இருந்தார்கள். வவுணதீவில் பெண் எடுத்தவர்கள். நம் வழக்கப்படி மனைவியர் வீட்டில் போய் இருப்பவர்கள். அவர்களும் சிரித்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பதற்றப்படுகிற ஆள் அல்ல நான்.

அடுத்த கிழமை டிஸ்க் பிரிக்கும் வேலை தொடங்கியது. இந்த வகை டிஸ்க்கை மூன்று துண்டுக்கு மேல் பிரிக்க முடியாது. அது இயந்திரத்தின் பிறவிக் குணம். ஊர்களோ நான்கு. யதுர்ஷன் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு ஊரை ஒரே துண்டில போட்டா என்ன, ஐயா? இடம் கிடக்குதானே."

அவன் சொன்னது முற்றிலும் சரி. இதை எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு உதவும். ஆனால் அவன் வயல்காரன் பெற்ற பிள்ளை என்பது எனக்குத் தெரியும்.

"ஒரு வரம்புக்குள்ள ரெண்டு பேர்ர வயலை வைப்பியா, மனே?" என்றேன். "முதல் போகத்திலயே மண்வெட்டி தூக்குவானுகள்."

பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று ஊர்களை ஐந்தாம் டிஸ்க்கில் ஏற்றினான். வவுணதீவை மட்டும் தனியே எட்டாம் டிஸ்க்கில் வைத்தான். அதைத் தனியே வைக்கலாம் என்று சொன்னது யார் என்று கேட்பீர்கள். நான்தான்.

இளையதம்பியின் பெயரை மட்டும் எடுத்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். யோசித்தேன். ஒரு ஆள் காணாமல் போனால் சந்தேகம் வரும். ஒரு ஊரே காணாமல் போனால் தொழில்நுட்பக் கோளாறு.

இயங்குதளம் நிறுவும் நாள் வந்தது. அது போக வேண்டியது வெறுமையாகக் கிடந்த ஆறாம் டிஸ்க்கில். டிஸ்க்கின் இலக்கத்தை நான் தாளைப் பார்த்து வாசிக்க, யதுர்ஷன் தட்டினான். எட்டு என்று வாசித்தேன். சாப்பாட்டு நேரம்; பசியில் பிள்ளை கவனிக்கவில்லை. "நீங்க பாத்துக்கொள்ளுங்க ஐயா, நான் சாப்பிட்டுட்டு வாறன்" என்று போனான். இயந்திரம் மனிதரைவிட மரியாதையானது, மகள், அழிக்குமுன் கேட்கும். இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. ஓம் என்றேன். அது தன் வேலையைப் பார்த்தது. நான் என் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். இறால் பொரியல். நன்றாக இருந்தது.

அப்படி மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேர் இல்லாமல் போனார்கள். என் மகன்மாரும் பேரப்பிள்ளைகளும் அதில் அடக்கம். நான் யாரையும் தொடக்கூட இல்லை. எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறார்கள்; பதிவேட்டில் மட்டும் இல்லை. யதுர்ஷனுக்கு வேலை போனது. அதற்கு நான் வருந்துகிறேன். கிழமைக்கு ஒருநாள்.

பிழை எங்கே என்றால், எனக்கு ஒரு வழக்கம் மறந்துபோயிற்று. இளையதம்பி பிறந்தது வவுணதீவில்; பெண் எடுத்தது தன்னாமுனையில். ஆகவே அவன் பதிவு மனைவி வீட்டில், அழியாத ஐந்தாம் டிஸ்க்கில். அவள் செத்து, அவன் வவுணதீவில் அக்கா வீட்டுக்குத் திரும்பிப் பத்தொன்பது வருடம். பதிவை மாற்ற அவனுக்குச் சோம்பல். வவுணதீவில் கண்ணைத் திறந்துகொண்டு நடமாடுகிறவர்களில், பதிவேட்டின்படி உயிரோடிருப்பவன் அவன் ஒருவன்தான்.

அதற்கு மேல் உங்கள் பதிவகம் ஒரு விதி போட்டது. பெயர் இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று, அதே ஊரில் இருக்கும் பெயருள்ள ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஊர் முழுக்க இளையதம்பியின் வாசலில் வரிசை. அவன் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் வைக்கிறான். முதலில் கதை, பிறகு கையெழுத்து. சிரிக்காதவர்களை மறுநாள் வரச் சொல்கிறானாம். உயிர் இருக்கிறதா என்று ஐயமாக இருக்கிறதாம்.

ஆச்சிப்பிள்ளை என் மூத்த மகனின் மாமியார். இரண்டு கண்ணிலும் படலம். ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். குடிச்சான்று இல்லை என்றதும் பின்போட்டார்கள். வரிசையில் அவவின் இலக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. இன்னும் தாமதித்தால் வலக்கண் மீளாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனேன். கல்நெஞ்சன் போகமாட்டான்.

"ஆரது, சம்மந்தியா? கதை கேக்க வந்தனீங்களா, சொல்ல வந்தனீங்களா?"

"சொல்லத்தான்" என்று கொடுவாக் கதையைச் சொன்னேன். ஒழுங்காக, ஒன்றும் கூட்டாமல். அவ சிரித்தா. பிறகு சொன்னா: "இளையதம்பி சொல்லக்குள்ள அந்தப் பொலிஸ்காரனுக்கு மீசையும் இரிக்கும்."

அன்றைக்குத்தான் என் மனச்சாட்சி விழித்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

வவுணதீவின் நாடா பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போனது என்று உங்கள் கோப்பில் இருக்கும். அதை எழுதியவன் நான். நாடா கெடவில்லை. மூன்று மாதமாக என் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் பழைய சாரத் துணியில் சுற்றிக் கிடக்கிறது. அரை மணி நேரத்தில் ஊரை எழுப்பிவிடலாம்.

பதிலுக்கு நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஒருநாள் ஒன்றாக இருந்து அந்தக் கொடுவாக் கதையை என் வாயால் கேட்க வேண்டும். முதலில் கதை, பிறகு நாடா. இளையதம்பியும் வரட்டும், பொறாமை என் பழக்கமல்ல. ஆச்சிப்பிள்ளையை நினைத்துத்தான் அவசரப்படுகிறேன். முன்வரிசையில் அவவுக்கு ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டேன். கண் போனாலும் காது நன்றாகக் கேட்கிறது.