மிரெய்யோட பூனை முடி

பெட்டிய டிக்கில போட்டுட்டு சீக்கிரம் ஏறுங்க அத்தான். அந்த மஞ்சச் சட்டைக்காரரு வந்துட்டே இருக்காரு. ஏம்மா, இது ஏர்போர்ட்டா, உங்க அப்பன் வீட்டு வாசலான்னு ஏற்கெனவே ஒரு தடவ கேட்டுட்டாரு. பாத்தீங்களா, அப்படியே அவரு குரலு. மூக்குல பேசணும், கடைசி வார்த்தைய மென்னு முழுங்கணும், அவ்ளோதான் சூட்சுமம்.

நான்தான் ஓட்டறேன். ஏன், புது லைசன்ஸ்னு சிவப்பு பி ஒட்டியிருந்தா ஓட்டத் தெரியாதா? பெல்ட்டப் போடுங்க. ஆறு வாரம் அந்த இரும்பு வெட்டற பொட்டக் காட்டுல லாரி ஓட்டிட்டு வந்தவருக்கு நம்ம சிட்னி ரோட்டப் பாத்தா பயமா இருக்கா.

எங்க அக்கா மிரெய் வரல. ஏன்னு சொல்லத்தான் நான் வந்திருக்கேன்.

இருங்க இருங்க, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. உங்களச் சிரிக்க வைக்க ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். இந்த ரீத்தா இதுவரைக்கும் பண்ணின கூத்துலயே பெரிய கூத்து. ஹெட்மாஸ்டர் குரல்ல போன் பண்ணி பஸ்ஸ வரவேண்டாம்னு சொன்னேனே, அதெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. கேட்டீங்கன்னா வயித்தப் பிடிச்சுக்குவீங்க. ஆனா இப்ப சொல்ல மாட்டேன். இந்த டனலத் தாண்டட்டும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் அழுகாச்சிக் கதை இருக்கு. அதக் கேக்காம இது விளங்காது.

வீட்டுக்குத்தான் போறோம். கொஞ்சம் சுத்திப் போறோம். நீங்க அவ மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள நான் பேசி முடிக்கணும் அத்தான். முடிக்கலன்னா வர்ற சனிக்கிழமை கல்யாணம் கிடையாது. வெளையாட்டுக்குச் சொல்லல. இதோ, என் சொந்தக் குரல்ல சொல்றேன், அதுலேருந்தே தெரிஞ்சுக்கோங்க.

மூஞ்சி லேசா செவந்திருக்குன்னு சொன்னாளா. போன்லயா. ம். போன்ல அப்படித்தான் சொல்லியிருப்பா.

லேசா இல்ல.

எங்கேருந்து ஆரம்பிச்சுச்சுன்னா, நிச்சயதார்த்தப் போட்டோலேருந்து. உங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுக்கிட்டே ஆல்பத்தப் புரட்டினாங்க. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு எங்க அம்மாகிட்ட, பொண்ணு பளிங்குதான் நுஹாத், அந்தக் காதோரத்து முடிய மட்டும் கொஞ்சம் கவனிச்சிட்டா. அவ்ளோதான் சொன்னாங்க. கெட்ட எண்ணத்துல சொல்லல, எனக்கே தெரியும். ஆனா எங்க அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்புடல. பொண்ணு மூஞ்சில முடின்னு சம்பந்தி சொல்லிட்டாங்களேன்னு.

முடி எடுக்க எங்க வீட்டுல எப்பவும் சக்கரப் பாகுதான். சக்கரையும் எலுமிச்சம்பழமும் காய்ச்சி, அம்மா உருட்டி உருட்டி கைக்கும் காலுக்கும் இழுக்கும். நான் கத்தற கத்துல பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். மொகத்துக்கு மட்டும் நூலு. மிரெய் கத்தவே மாட்டா. அந்தப் பொண்ணு எதுக்குமே கத்தாது, அதான் வம்பு.

அப்பதான் அம்மாவுக்கு ஜமீலா ஆன்ட்டி ஞாபகம் வந்துச்சு. ரொட்டிக் கடைக்கு மேல மாடில லேசர் மெஷின் வச்சிருக்காங்களே, அவங்கதான். உங்க அம்மாவோட ஊர்க்காரங்க. கல்யாணப் பொண்ணுன்னா சல்லிசா பண்றாங்க, அதவிட முக்கியம் நம்ம ஆளு. வேற எங்கயாச்சும் போனா கைய வைக்கறவ யாரோ என்னவோ.

நானும் கூடப் போனேன். ஆன்ட்டி நல்லாத்தான் விசாரிச்சாங்க. அவங்கள மாதிரி பேசணும்னா தொண்டைல ஏலக்காய் வச்சுக்கணும். என் கண்ணு, மாத்திரை மருந்து ஏதாச்சும் சாப்புடறியா? மாசாமாசம் ஒழுங்கா வருதா? வெயில்ல நின்னியா? பாகு, நூலு ஏதாச்சும் போட்டியா, வேரோட பிடுங்கினா மெஷினுக்கு எட்டாதும்மா, ரேசர் மட்டும்தான் வைக்கணும். எல்லாம் கேட்டாங்க. பாவம், அதுல அவங்க மேல குத்தம் சொல்ல முடியாது.

எங்க அம்மா பதில் சொல்லுச்சு. மிரெய் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி. இல்ல, ஒழுங்கா வருது, இல்ல, இல்லவே இல்ல. தாடையத் தூக்கிக்கிட்டு, கோர்ட்டுல நிக்கற மாதிரி. அத்தனையும் பொய் அத்தான். மிரெய்க்கு வருஷத்துக்கு மூணு தடவ வந்தா பெருசு. அதுக்கு டாக்டரப் பாக்கறா, மாத்திரை சாப்புடறா. பருவுக்கு வேற தனியா ஒரு மாத்திரை, தோலெல்லாம் உரியும், வெயில்ல போகாதன்னு டப்பாவுலயே எழுதியிருக்கும்.

உங்களுக்குத் தெரியாதா? தெரியாதுதான். தெரியக் கூடாதுன்னுதான பொய்யே.

ஏன்னு கேக்கறீங்களா. ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைல ஜமீலா ஆன்ட்டி எங்க உக்காருவாங்க? உங்க அம்மா பக்கத்துல. பொண்ணுக்கு அந்த விஷயம் சரியில்லையாம்னு ஒரு வார்த்த அந்த பெஞ்சுல விழுந்துச்சுன்னா, பேரன் பேத்திக் கனவுல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? யாருன்னே தெரியாத ஒரு வெள்ளக்காரி கடைக்குப் போயிருந்தோம்னா அம்மா எல்லாத்தையும் கொட்டியிருக்கும். நம்ம ஆளுகிட்ட போனதாலதான் வாயப் பூட்டிக்கிச்சு.

இந்த லாரிக்காரன் ஏன் இப்படி ஒட்டிக்கிட்டே வர்றான். போப்பா, போ.

சிரிப்பா? வரும். டனல் தாண்டியாச்சு, சரிதான். இன்னும் கொஞ்சம்.

ரெண்டு மூணு தடவ போனா. முடி கொறையல, கூடிச்சு. இருந்தது பூனை முடி, வெளிச்சத்துல நிறுத்தினாதான் தெரியும். நீங்க ஊருக்குக் கெளம்பினதும் அது போயி கறுப்பா, கம்பி மாதிரி வந்துச்சு, காதுலேருந்து தாடை வரைக்கும். ஏன்னு எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம்தான் ஆஸ்பத்திரில தோல் டாக்டர் சொன்னாரு. அவரு எப்படிப் பேசுவாருன்னா, எதையோ எண்ணிப் பாக்கற மாதிரி நிறுத்தி நிறுத்தி. நம்ம மாதிரி கருமுடி, மாநிறத் தோலு, அதோட உள்ளுக்குள்ள அந்தக் கோளாறும் இருந்தா, மொகத்துப் பூனை முடில லேசர் பட்டு சில பேருக்கு இப்படி மொளைக்கும்மா. மொதல்ல உள்ள இருக்கறதுக்கு வைத்தியம். அப்புறம் காதுக்குப் பின்னாடி துளியூண்டு எடத்துல போட்டுப் பாத்துட்டு, சில நாள் பொறுத்துட்டு, அதுக்கப்புறம் மொகம். அந்த மாத்திரை சாப்புடறப்போ மெஷின் பக்கமே போகக் கூடாது. யாரும் கேக்கலையான்னாரு. கேட்டாங்க டாக்டர்னு சொன்னா மிரெய். அவ்ளோதான் சொன்னா. அம்மா பக்கத்துலதான் நின்னுச்சு.

கல்யாணம் நெருங்குது, மொகத்துல தாடி மாதிரி நிக்குது. அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. அடுத்த லேசருக்கு முந்தின நாளு அடுப்புல பாகக் காய்ச்சி மொகம் பூரா இழுத்துருச்சு. மறுநாள் ஆன்ட்டி பாத்துட்டு, அட, கொறஞ்சிருக்கே, இன்னைக்குக் கொஞ்சம் கூட்டி வச்சு ஒரேயடியா முடிச்சிரலாம்னாங்க. நான் கேட்டேன் அத்தான், நெசமா கேட்டேன், ஓரமா கொஞ்சம் போட்டுப் பாக்க வேண்டாமா ஆன்ட்டின்னு. அது வெளியாளுக்கும்மா, இவ என் பொண்ணு மாதிரின்னு சொல்லிட்டாங்க.

முடி கருகற வாசம் எப்பவும் வரும். அன்னைக்கு வந்தது வேற வாசம்.

அவ கத்தல. கட்டிலோட கம்பியப் பிடிச்சுக்கிட்டு படுத்திருந்தா. பொறுத்துக்கோ கண்ணு, அழகுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்னு ஆன்ட்டி சொல்ல, அவ தலைய ஆட்டினா. கல்யாணப் பொண்ணு இதக்கூடப் பொறுக்கலன்னா எப்படின்னு நெனச்சிருப்பா. என் மேல போட்டிருந்தா ரோடு வரைக்கும் கேக்கற மாதிரி கத்தியிருப்பேன். நாலு பேரு ஓடி வந்திருப்பாங்க.

சன்னலத் தொறந்துக்கோங்க. வேணும்னா நிறுத்தறேன். வேண்டாமா?

இப்ப எப்படி இருக்குன்னா, ரெண்டு பக்கமும் கோடு கோடா. வலது பக்கம் வெறும் கறுப்பு, அது ஒரு வருஷத்துல மங்கிரலாம்னு சொல்றாங்க. எடது பக்கம் தாடைக்கிட்ட குழி மாதிரி உள்ள போயிருக்கு. அது போகும்னு யாரும் சொல்லல. பேசினா அந்த எடம் இழுக்கும். நீங்க பாத்ததும் பாக்காத மாதிரி நடிக்காதீங்க. உத்துப் பாத்தாலும் தப்பு. என்ன பண்ணணும்னு எனக்கும் தெரியல. நானே மொத நாளு தப்பாத்தான் பாத்தேன்.

ஜமீலா ஆன்ட்டி சட்டி சட்டியா சோறு கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டு அழுதுட்டுப் போறாங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனே நுஹாத்னு. எங்க அம்மா அடுப்பங்கரையில உக்காந்திருக்கும், பதிலே வராது. எல்லாத்துக்கும் பதில் சொல்ற அம்மா.

இத உங்க அம்மாகிட்ட சொல்லுவீங்களா? சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க. பூசைக்கு முன்னாடி சொல்லுங்க.

என்ன? நேத்துக்கூட மேளக்காரங்களப் பத்திப் பேசினாளா. ஆமா, எத்தன பேரு வர்றாங்கன்னு கேட்டா, நீங்க எட்டுன்னீங்க, எட்டு மேளம் அடிச்சா எங்க அப்பாவோட செவிட்டுக் காது கூடத் தொறந்துக்கும்னு சொன்னா. அதுக்குச் சிரிச்சீங்க. சிரிச்சிருப்பீங்க. அவ சொன்னாளா, சொன்னதா... விடுங்க.

பேசறது வேற அத்தான், இருக்கறது வேற. கல்யாணக் கவுன் பையோட தொங்குது, ஜிப்பக்கூட அவ தொறக்கல. வாசல்ல விருந்தாளிகளுக்குக் குடுக்கற சக்கர பாதாம் மூட்டை மூட்டையா கெடக்கு, யாரும் ரிப்பன் கட்டல. கண்ணாடி மேல துண்டு போட்டு வச்சிருக்கா. திரையத் தொறக்க விடமாட்டா, வெயிலு படக் கூடாதாம். அது மருந்துக்கா இவளுக்கான்னு தெரியல.

அவளுக்கு என்ன பயம்னா, நீங்க பரிதாபப்பட்டுக் கட்டிக்குவீங்கன்னு. அவரு பிடிச்சிருக்குன்னு சொன்ன மூஞ்சி போயிருச்சு ரீத்தா, இனிமே நல்ல மனுஷனா நடந்துக்குவாரு, அத என்னால பாத்துக்கிட்டு வாழ முடியாதுன்றா. நல்ல மனுஷனா நடந்துக்கறதுல என்னடி கஷ்டம்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னுட்டா.

எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு அத்தான். லூசு, அவரு உன் மூஞ்சில என்னத்தப் பாத்தாருன்னு உனக்குத் தெரியுமாடி? கோயில் திருவிழாவுல ரொட்டி சுடற அடுப்புகிட்ட நின்னியே, கன்னத்துல அந்தப் பூனை முடி பூரா மாவு ஒட்டிக்கிட்டு, நீ தொடைக்கத் தொடைக்கப் போகாம. அந்த முடியப் பாக்கறதுக்காகவே பசியில்லாம நாலு தடவ வரிசைல வந்து நின்னாரு மனுஷன். நாலாவது ரொட்டிய நாய்க்குப் போட்டாரு. எத எரிச்சுத் தொலைக்கணும்னு இத்தன பாடு பட்டீங்களோ, அதுலதான் அவரு...

என்ன?

யாரோ சொன்னாங்க.

சரி, யார்கிட்டயும் சொன்னதில்லையா. உங்க அம்மாகிட்டக் கூடவா. மிரெய்கிட்ட மட்டும்தான், அதுவும் போன வாரம் போன்ல. தெரியும் அத்தான்.

இல்ல, அவ எனக்குச் சொல்லல. அவ எப்படிச் சொல்லுவா. அவளுக்கே தெரியாதே.

யாருக்குப் போன் போடறீங்க? அவளுக்கா. வேண்டாமே. வீடு வந்துரும், அந்த சிக்னல் தாண்டினா... அத்தான், கேளுங்க.

ஆமா. என் கோட்டுப் பைலதான் அடிக்குது.

நான் திருடல. அவளா குடுத்தா. மூணு வாரம் ஆச்சு. மோதிரத்தையும் சேத்துக் குடுத்தா. நீதான் எல்லாக் குரல்லயும் பேசுவியே, என் குரல்ல பேசி கல்யாணம் வேண்டாம்னு சொல்லிரு, என்னால அழாம சொல்ல முடியாதுன்னா. சொல்லணும்னுதான் எடுத்தேன். எடுத்த ஒடனே நீங்க, சாப்டியாம்மான்னு கேட்டீங்க. சாப்ட்டேன்னு சொல்லிட்டேன். அன்னைலேருந்து அவ குரல்ல நான்தான் பேசறேன், அங்கேருந்து எப்படித் திரும்பி வர்றதுன்னு தெரியல.

இதுதான் அந்தக் கூத்து. சிரிப்பு வரும்னுதான் நெனச்சேன்.

சொல்லிட்டியான்னு கேட்டா, சொல்லிட்டேன்னுட்டேன். அவரு ஒண்ணுமே சொல்லலையான்னு அதுக்கப்புறம் தெனமும் கேக்கறா.

கட் பண்ணுங்க அத்தான். அடிச்சுக்கிட்டே இருக்கு.