ஒரு பக்கத்து வெயில்

— தள்ளிப் பிடிங்க, தள்ளிப் பிடிங்க! புகை வருது பாருங்க.

— புகை இல்லம்மா அது, ஈரம். எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? மொதல்ல சோப்புத் தண்ணில கழுவணும். அப்புறம் துடைக்கணும். அப்புறம் இந்த ஹீட் கன்னால சூடு காமிச்சா, வெளுத்த பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமா கருப்பாகும். கடைசில பாலிஷ். எலக்ட்ரீஷியன் தம்பி படிச்சுப் படிச்சு சொல்லித்தான் மெஷினையே குடுத்தான்.

— ஆமா, உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் முறை. டேஷ்போர்டு இளகிப் போச்சுன்னா, கார் வாங்க வர்றவர் என்ன சொல்லுவாரு?

— நம்ம ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் தானே? ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சாயங்காலம் வர்றாரு. அதுக்குள்ள உள்ள பூரா ஒரே கலராகணும். அந்தத் துணியை எடு. இது என்ன, உன் தையல் டேப்பு இங்க கிடக்குது? ஷெட்டு மூலையில, சுவரோரமா?

— அங்கயா கிடந்துச்சு? ஒரு மாசமா வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிட்டிருக்கேன். குடுங்க இப்படி.

— எந்நேரமும் கழுத்துல தொங்குற டேப்புக்கு கார் ஷெட்ல என்ன வேலை?

— விழுந்திருக்கும். நீங்க வேலையைப் பாருங்க. பின்பக்கக் கதவுல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருக்கே, அதை என்ன பண்ண?

— சுரண்டி எடுத்துடு.

— அவ ஒட்டினது.

— அதான் சொல்றேன், சுரண்டிடு.

— எனக்குக் கை வரலங்க. ஸ்கூல் விட்டு வரும்போது ஒட்டினா. நீங்க திட்டப் போறீங்கன்னு அது மேலயே சாஞ்சு உக்காந்து வந்தா. இந்தக் காரும் போயிட்டா அவ ஞாபகம்னு வீட்ல ஒண்ணும் மிஞ்சாது.

— அந்தப் பேச்சு நாலு வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சு. சொந்தமா ஒரு சைக்கிளத் தவிர ஒண்ணுமில்லாத வாத்தியார் பின்னாடி போனாள்ல? போகட்டும். இந்த வீட்ல அவ பேரு கேக்கக் கூடாதுன்னேன். நீயும் தலையாட்டின.

— தலையாட்டினேன். இன்னைக்கு வரைக்கும் உங்க முன்னாடி அந்தப் பேரை வாயில எடுத்திருக்கேனா?

— எடுக்கல. அதுக்கு என்ன இப்போ?

— ஒண்ணுமில்ல. சரி, இதைச் சொல்லுங்க. என் பக்கம் ஏன் வெளுக்கல?

— என்னது?

— நான் உக்காருற பக்கம் கதவு, டேஷ்போர்டு எல்லாம் கருகருன்னு இருக்கு. நீங்க ஓட்டுற பக்கம் மட்டும் சாம்பல் பூத்துப் போயிருக்கு. ஏன்?

— வெயில்தான். வேற என்ன?

— ஏது வெயில்? இங்க ஷெட்டு. ஆபீஸ்ல பேஸ்மென்ட்டு. போற வர்ற வழில பட்ட வெயில்னா ரெண்டு பக்கமும்ல பட்டிருக்கணும்?

— பழைய கார்னா அப்படித்தான் இருக்கும், விடு. கண்ணாடி மட்டமான கண்ணாடி.

— ஒரு பக்கத்துக் கண்ணாடி மட்டும் மட்டமா? நல்லா இருக்கே. என் பொழப்பே துணிங்க. ஜன்னலோரம் தொங்கின துணியை எடுத்துப் பாத்தா எந்தப் பக்கம் வெயில் பட்டுச்சுன்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன். இது தினமும் ஒரே எடத்துல, ஒரே பக்கமா நின்ன காருங்க.

— சும்மா இரு. டிடெக்டிவ் மாதிரி பேசிட்டு. அந்த பிரஷ்ஷக் குடு.

— தர்றேன். அதுக்கு முன்னாடி, இந்த வட்டம் என்ன?

— எந்த வட்டம்?

— உங்க மூக்குக்கு நேரா இருக்கு, தெரியலயா? சுத்தி எல்லாம் வெளுத்துக் கிடக்கு. நடுவுல வட்டமா ஒரு எடம் மட்டும் ஷோரூம்ல வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி இருக்கு.

— ஏதோ பொம்மை கிம்மை வெச்சிருந்திருப்போம்.

— நம்ம கார்லயா? தலையாட்டுற நாய்க்குட்டி வைக்கலாம்னு அவ கெஞ்சினதுக்கே கவனம் சிதறும்னு லெக்சர் அடிச்சவரு நீங்க. இருங்க, வர்றேன்.

— எங்க போற? ஏய், பிரஷ்ஷ வெச்சுட்டுப் போ!

— இதோ வந்துட்டேன். நகருங்க.

— என் சாப்பாட்டு டப்பாவை எதுக்கு எடுத்துட்டு வர்ற?

— வெச்சுப் பாக்கத்தான். பாருங்க. அச்சுல ஊத்தின மாதிரி உக்காருதா இல்லயா?

— எல்லா டப்பாவும் வட்டமாத்தான் இருக்கும்.

— ஆனா எல்லா டப்பாவும் நான் கட்டிக் குடுக்கிறது இல்ல. கேன்டீன்ல எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறேன்னு வாய் கூசாம சொன்னீங்களே. ஃபேனுக்கு அடியில உக்காந்துதான் சாப்பிடுறேன்னீங்களே.

— ஒரு நாள் ரெண்டு நாள் கார்ல சாப்பிட்டிருப்பேன். அதுக்கு இப்படி ஒரு விசாரணையா?

— ஒரு நாள் வெயில்ல பிளாஸ்டிக் வெளுக்குமா?

— என்னைக் கேட்டா? பிளாஸ்டிக்கைக் கேளு.

— அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். அது நல்லா பதில் சொல்லுது. கதவுல கை வைக்கிற எடத்தைப் பாருங்க. வெறும் கார் மட்டும் நின்னிருந்தா அது முழுசும் வெளுத்திருக்கணும். முழங்கை அளவுக்கு மட்டும் கருப்பா இருக்கு. காரை நிறுத்திட்டு எங்கயும் போகல நீங்க. உள்ளயே உக்காந்திருக்கீங்க. ஜன்னல்ல கையை வெச்சுக்கிட்டு, அந்த மதிய வெயில்ல.

— கையாவது, வெயிலாவது. தள்ளு, இந்த ஓரத்துக்கும் சூடு காமிக்கணும்.

— என்னங்க, கருகுது! கருகுது! எடுங்க அதை!

— அய்யய்யோ. ச்சே. பேசிப் பேசியே... பாரு, ஓரம் சுருங்கிப் போச்சு.

— போகட்டும். யாரு வீட்டு வாசல்?

— நீ என்னைச் சந்தேகப்படுறியா? இந்த வயசுலயா? ரிட்டையர் ஆன மனுஷனையா?

— சந்தேகமா இருந்தா நேத்தே மூட்டை கட்டிட்டுப் போயிருப்பேன். பதில் சொல்லுங்க.

— இரு, போன் அடிக்குது. ஹலோ... ஆங், சொல்லுங்க சார்... இப்பவேவா? இல்ல, வேலை இன்னும்... பரவால்ல, வாங்க. வாங்க வாங்க... கேட்டியா? அந்தப் பக்கமா வந்தாராம். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு. துணியைக் குடு, சீக்கிரம்.

— தர மாட்டேன்.

— விளையாடாத.

— நீங்கதான் விளையாடுறீங்க. ரிட்டையர் ஆன கையோட காரை விக்கணும்னு குதிச்சீங்க. ஏன்னு கேட்டா இனிமே போக எடமில்லன்னீங்க. அது எந்த எடம்? அவர் வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

— எதுவும் தெரிய வேண்டாம் உனக்கு. சுத்தி இருக்கிறதைக் கருப்பாக்கிட்டா வட்டம் தானா மறைஞ்சு போகும். அதோட எல்லாம் முடிஞ்சுது.

— அதைத்தான் மறைக்க விடமாட்டேங்கிறேன்.

— கையை எடு. டேஷ்போர்டு மேல இருந்து கையை எடு. சுட்டுடும்.

— சுடட்டும்.

— பைத்தியமா உனக்கு? இந்தக் காத்து பட்டா தோலே உரிஞ்சுடும்!

— உரியட்டும். நாலு வருஷமா நெஞ்சுக்குள்ள உரிஞ்சிட்டுத்தானே இருக்கு, இது என்ன பெருசா. சொல்லுங்க, எங்க போனீங்க?

— அணைச்சுட்டேன். அணைச்சுட்டேன், போதுமா? கையைக் காட்டு. செவந்து போச்சு பாரு. என்ன பொம்பளை நீ.

— கையை விடுங்க. சொல்லுங்க.

— அவ... அவ வீட்டுக்கு எதிர்ல.

— எவ வீட்டுக்கு?

— உனக்குத் தெரியாதா?

— தெரியாது. அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னது நீங்க. இப்போ சொல்ல வேண்டியதும் நீங்கதான்.

— நம்ம... நம்ம பொண்ணு வீட்டுக்கு எதிர்ல.

— ம்.

— பின்ன என்ன பண்ணச் சொல்ற? போன்னு சொல்லிட்டேன். வான்னு சொல்ல வாய் வரல. ஒரு தடவை அந்த வழியா வந்தப்போ அவ மொட்டை மாடில துணி காயப் போட்டுட்டிருந்தா. மெலிஞ்சு போயிருந்தா. வண்டியை நிறுத்திட்டேன். எதிர்ல ஒரு காலி எடம், அவங்க வாடகைக்கு இருக்கிற வீட்டு ஓனரோடது. மறுநாளும் கார் தன்னால அங்க போய் நின்னுச்சு. அதுக்கப்புறம் சாப்பாட்டு நேரம் ஆனா அங்கதான். நீ கட்டிக் குடுத்ததை அங்க வெச்சுத்தான் சாப்பிடுவேன். அவளும் அதே நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு இருப்பான்னு ஒரு நெனப்பு.

— இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்ல?

— கதவைத் திறந்து நாலு வருஷம் கழிச்சு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டான்னா? அதைத் தாங்குற தெம்பு எனக்கு இல்லம்மா. பாக்குறது போதும்னு இருந்தேன். அவ பாத்துடுவாளோன்னு பயம் வேற. நல்லவேளை, ஜன்னல்ல எப்பவும் திரை போட்டிருக்கும்.

— பச்சைத் திரை.

— ஆமா, பச்... உனக்கு எப்படித் தெரியும்?

— தெச்சது நான்.

— என்னது?

— மெல்லிசுத் துணிங்க அது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள இருந்து பாத்தா தெரு பூரா தெரியும். நீங்க அங்க உக்காந்திருக்கிற நேரம் இங்க நான் போன்ல அவகூட இருப்பேன். அப்பா வந்துட்டாரும்மாம்பா. டப்பாவைத் திறக்கிறாரும்பா. இன்னைக்கு அவருக்கு என்னம்மா கட்டிக் குடுத்தன்னு கேப்பா. நான் சொல்லுவேன். அவளும் தட்டைத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்து உக்காந்துக்குவா.

— நாலு வருஷமா... நீ எனக்குத் தெரியாம அவகிட்ட...

— நீங்க எனக்குத் தெரியாம போகலயா? ரெண்டு பேரும் ஒரே திருட்டுத்தானே பண்ணியிருக்கோம்? அப்பாவா வாய் திறந்து சொல்ற வரைக்கும் எதுவும் கேக்காதம்மான்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. அதான் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் பிளாஸ்டிக்கை வெச்சு உங்க வாயைக் கிளற வழி கிடைச்சுது.

— அப்போ அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுட்டேதான் அதைப் பண்ணியிருக்கா.

— எதை?

— போன மாசம் அந்தக் காலி எடத்துல ஷெட்டு போட்டுட்டாங்கம்மா. நாலு கம்பம், மேல தகரம். நான் வழக்கமா நிக்கிற எடம்தான், ஒரு சாண் தள்ளிக்கூட இல்ல. கார் வாங்கப் போறாங்க போல, நல்லா இருக்கட்டும்னு மனசைத் தேத்திட்டு வந்துட்டேன். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகல. ஆனா நான் அங்க நிக்கிறது அவளுக்குத் தெரியும்னா, அது எனக்குச் சொன்ன பதில்தானே? இனிமே இங்க வராதீங்கன்னு அடைச்சுட்டா. சரியாத்தான் செஞ்சிருக்கா. நான் அன்னைக்குச் சொன்னதை இன்னைக்கு அவ திருப்பிச் சொல்லிட்டா. ஸ்டோர்கீப்பர் வரட்டும். சாவியைக் குடுத்துடலாம். அந்த பாலிஷை எடு.

— ஹாரன் சத்தம் கேக்குது. அவர்தான் வந்துட்டாரு. கார் விக்கிறதுக்கு இல்லன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க.

— எதுக்கு? போறதுக்கு எங்க எடம் இருக்கு எனக்கு?

— அந்த வீட்ல இன்னைக்கும் ஒரு சைக்கிள்தாங்க இருக்கு, அதையும் வராந்தாவுல ஏத்தி வெச்சுக்கிறாங்க. அப்பா வெயில்ல வேகுறாரும்மான்னு அழுது வீட்டு ஓனர் கால்ல விழாத குறையா ஷெட்டு போட அனுமதி வாங்கி, நம்ம கார் எவ்வளவு நீளம்மான்னு போன்ல கேட்டா. நீங்க அசந்து தூங்குறப்போ இந்த டேப்பால அளந்து சொன்னது நான்தான்.