தம்பிக்கு வந்த வலிப்பு

கடந்த மார்ச் முதல் வாரம், மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், என் தம்பியின் தலைமீது மூளையைத் தூண்டும் காந்தச் சுருளை வைத்தார்கள். வலிக்காது. யாரோ விரலால் சுண்டுவதுபோல டக்டக்கென்று தட்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் அடுத்தவர் முகபாவத்தைப் புரிந்துகொள்ள அது உதவுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. பலிக்கும் என்று டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. அவனைக் கூட்டிப்போய்ச் சேர்த்தது நான்தான். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அப்பா அம்மா போனபின் அவன் என்னோடு இருக்கிறான். சலவை நிலையத்தில் விரிப்புகளை மடிக்கும் வேலை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ரொம்ப சந்தோஷம்" என்றாலும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொள்வான். அது எவ்வளவு வசதி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சிகிச்சையின் மூன்றாம் வாரம், சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, முதலாளி என்னைக் கிண்டல் பண்றார்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. நானும் பண்ணிட்டேன்."

"என்னடா சொன்னே?"

"உங்க தலையையும் இஸ்திரி போட்டாச்சான்னு கேட்டேன். அவர் வழுக்கையாச்சே."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"என்னைப் பார்த்தா உனக்கு அலுப்பா இருக்கா?"

"சேச்சே, இல்லடா."

"இருக்கு. சும்மா சொல்றே."

கோபமே இல்லை. துணியில் கறையைக் காட்டுவதுபோலச் சொன்னான். அதன்பிறகு என் வீட்டிலேயே நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு நடமாட வேண்டியிருந்தது.

வலிப்பு வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையைத் தரமாட்டோம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். குளியலறையில் வலிப்பு வந்தது என்று அவரிடம் போய்ச் சொன்னேன். வரவில்லை. சிகிச்சை நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்க்கவில்லை. இஸ்திரி இயந்திரம் பக்கம் வரவேண்டாம் என்று முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்புவார் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. என் கையில் என்ன இருக்கிறது?

மாத்திரையில் மதியம்வரை தூங்கினான். அப்படியும் ஒருநாள் கேட்டான்: "எனக்கு எப்பக்கா வலிப்பு வந்துது? விழுந்திருந்தா அடிபட்டிருக்குமே."

மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப்போய், மறுபடியும் வலிப்பு வந்தது என்றேன். டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

தம்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தான். அன்று அதைச் சரிசெய்துகொள்ள எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஆமா டாக்டர், வந்துது. அக்காதான் பாவம், ரொம்ப பயந்துட்டா."

அவன் பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவனே ஒப்புக்கொண்டபின் நான் குறுக்கே என்ன பேச முடியும்? டாக்டர் மாத்திரையைத் தினம் இரண்டாகக் கூட்டினார்.