முந்தானை உதறும் படத்துக்கு முதல் பரிசு

அருகே வாருங்கள், மாஸ்டர். கூட்டத்தில் இருக்கும் என் கண்மணிகளே, நீங்களும் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். ஒரு கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடிக்கும்போது கை தட்டத் தோன்றாத கதை.

கல்விக் கடலே, கனிந்த நெஞ்சினரே, திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸும் படகும் மாறி மட்டாஞ்சேரிக்கு வந்து, மணியடிக்கும் முன்பே வாசலில் நின்ற மாண்பினரே, பௌதிகத்தையும் பாட்டுப் போலப் பயிற்றுவித்த பண்பாளரே, எங்கள் விஸ்வேஸ்வரன் மாஸ்டரே, வணக்கம். நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் வாசிக்கும் இந்தப் பிரிவுபசார மடலை எழுதும் வேலையை, கீழ் வகுப்புகளுக்குக் கதை சொல்கிற என்னிடம், மளிகைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட இந்த ஆரிஃபாவிடம், ஆசிரியர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். படித்தவர்களுக்குத் தமிழ் தெரியாமல் அல்ல. வெட்கத்தில் கை எழவில்லை.

அரிசிக் கிடங்கு முதலாளி நம் பள்ளிக்கு ஒரு சின்ன சினிமாக் காமிராவை அன்பளிப்பாகக் கொடுத்தபோது, அதைப் பூட்டி வைக்க நாங்கள் அலமாரி தேடினோம். பிள்ளைகள் கையில் கொடுத்தவர் நீங்கள். சுருள் மாட்டவும் வெளிச்சம் பார்க்கவும் கை நடுங்காமல் நிற்கவும் பழக்கினீர்கள். எடுத்த சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வரும்வரை அவர்களோடு சேர்ந்து தபால்காரருக்குக் காத்து நின்றீர்கள். ஆண்டுவிழாதோறும் படப்போட்டி வைத்தோம். ஊமைப் படங்கள் ஆகையால் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல நான். தீர்ப்புச் சொல்ல நீங்கள். படம் ஓடத் தொடங்கியதும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வீர்கள்.

"விஸ்வேஸ்வரன் மாஷுக்கு வீட்டுல திட்டு ஜாஸ்தி போல. காதை அடைச்சே பழகிட்டார்" என்று சாயா குடிக்கும் நேரத்தில் சிரித்திருக்கிறோம். நானே ஒருநாள் கேட்டேன்: "என் குரல் அவ்வளவு மோசமா மாஷே?"

"ரொம்ப நன்னா இருக்கு, ஆரிஃபாம்மா. அதான் கஷ்டம். நான் மார்க் போடறது குழந்தைகளோட படத்துக்கா, உங்க வாய்க்கா?" என்றீர்கள்.

போன வருஷம் அரிசிக்கு ஊரே அலைந்த சமயத்தில், ஒன்பதாம் வகுப்பு பாக்கியலக்ஷ்மி ஒரு படம் எடுத்தாள். சாயங்காலம், அதே முதலாளியின் கிடங்கு வாசல். உள்ளே அரிசி புடைத்த பெண்கள் வரிசையாக வெளியே வருகிறார்கள். காவலாளி முன்னால் ஒவ்வொருத்தியும் முந்தானையை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும், ஒரு மணி அரிசியும் ஒட்டியிருக்கவில்லை என்று. கடைசியில் வருகிறவர் அவள் தாய் மாயம்மாள். எதிர்ப்பக்கம் மகள் காமிராவோடு நிற்பதைப் பார்த்துவிடுகிறார். முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்தபடியே உதறுகிறார். அவ்வளவுதான் படம்.

போட்டியன்று அந்த முதலாளிதான் முன் வரிசையில் சிறப்பு விருந்தினர். தலைமையாசிரியர் வேர்த்துப்போய் என்னிடம் வந்தார்: "ஆரிஃபாம்மா, ஏதாவது ரசமா சொல்லிச் சமாளிங்க." ஆசிரியர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சொன்னேன்: திருவிழாப் பந்தலில் பூ உதிர்ந்து பெண்களின் முந்தானையில் ஒட்டிக்கொண்டதாம், உதறுகிறார்களாம், எனக்கு ஒரு பூ இல்லையா என்று வாசல்காரன் ஏங்குகிறானாம். கூடம் குலுங்கிச் சிரித்தது. முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். வேலை முடிந்து வந்து கதவோரம் நின்றிருந்த மாயம்மாளும் அதைக் கேட்டார்.

பந்தலும் பூவும் உங்கள் காதுக்கு வரவில்லை. படத்தை மட்டும் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். விளக்குப் போட்டதும் ஈரக் கண்ணோடு திரும்பினீர்கள். சிரிக்கிற வாய்களைப் பார்த்தீர்கள்.

"எதுக்குச் சிரிக்கறேள்? அந்தப் பொம்மனாட்டிகளைப் பார்த்தா சிரிக்கறேள்?"

பஞ்சை எடுத்துவிட்டு, பாக்கியலக்ஷ்மியிடம் கேட்டீர்கள்: "கடைசியில வரது யாரும்மா?"

"எங்கம்மா, சார்."

"முதல் பரிசு இதுக்குத்தான்" என்றீர்கள். முதலாளி எழுந்து போனார்.

மறுநாள் மாயம்மாளைக் கிடங்கில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டியது: நடுவருக்குக் காது கேளாது, ஆகவே அவர் தீர்ப்பு செல்லாது. பின் பெஞ்சில் பென்சில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற உங்களைக் கேளாதவர் என்று ஒப்புக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம். பரிசு காயலில் வள்ளம் போகும் ஒரு படத்துக்குப் போனது. பிறகு உங்களை நடுவராக அழைக்கவே இல்லை. நீங்களோ வழக்கம்போல் எங்கள் நடுவில் உட்கார்ந்து சாயா குடித்தீர்கள். பாக்கியலக்ஷ்மி மட்டும் காமிராவைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். பொறுமையின் பொற்குன்றே என்று உங்களை இங்கே போற்றலாம். ஆனால் அந்தப் பொறுமையைச் சோதித்தவர்களே போற்றினால் அது அழகாக இல்லை, மாஸ்டர்.

உங்களை இப்படியே வழியனுப்ப மனம் ஒப்பவில்லை. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம், முதல் பரிசு பாக்கியலக்ஷ்மியுடையது என்று இன்று காலை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். முதலில் ஒப்பமிட்டவர் தலைமையாசிரியர். முன் வரிசையில் நிர்வாகத்தினரின் நாற்காலிகள் காலியாக இருப்பது அதனால்தான். முதலாளி காமிராவைத் திரும்பக் கேட்பார், கேட்கட்டும்.

படத்தை இன்று மறுபடி காட்ட மாயம்மாளிடம் சம்மதம் கேட்கப் போனேன். இப்போது கடைத்தெருவில் கப்பைக்கிழங்கு விற்கிறார்.

"ஒரு வருசமா இந்தப் பக்கமே காணும். வழி மறந்துபோச்சாக்கும்" என்றார்.

மறக்கவில்லை, உங்களைப் பார்க்க முகம் இல்லை என்றேன். தராசைக் கீழே வைத்தார்.

"காட்டுங்க. ஆனா ஒருத்தரும் சிரிக்கப்பிடாது. நீங்களும் வாயத் தொறக்கப்பிடாது."

தாயும் மகளும் இதோ உங்கள் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். பரிசுக் கோப்பை மேசைமேல் இருக்கிறது. உங்கள் கையால் கொடுக்க வேண்டுகிறோம். பிறகு நம் அலுவலகத்து ஷௌகத் அலி விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டுவார். நான் பேசமாட்டேன்.

அதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை. நீங்களும் உங்கள் துணைவியார் ஜெயலக்ஷ்மி அம்மாளும் நோய் நொடி அண்டாமல், நிறைந்த ஆயுளோடு, நிம்மதியான நித்திரையோடு நெடுங்காலம் வாழ வேண்டும். உங்கள் வீட்டு உலையில் அரிசி குறையாதிருக்கட்டும். அந்த வாசலுக்கு வருகிறவர் எவரும் தலை குனிந்து திரும்பாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் முன் தலை குனிந்து நிற்கும்
ஆசிரியர்கள், அலுவலர்கள்
மட்டாஞ்சேரி, மார்ச் 1966