தோளுக்கு மேல்

"ஹலோ… ஹலோ… முதலியார்வாளா? நான்தான், வக்கீல் ராஜகோபாலன்… ஆமாம், ஆமாம், வந்திருக்கா. எதிர்லதான் நிக்கறா."

எதிரில் நின்றவள் சாந்தோம் குப்பத்துக் குப்பம்மா. முதலியாரின் மோட்டார் இடித்துத் தள்ளியதில் வலது கை முறிந்து, மூன்று மாதமாக அவள் தலையில் மீன்கூடை ஏறவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிக்கலாம் என்று முதலியாரின் வக்கீலே ஆள் அனுப்பினார். பெரிய மனுஷர், நல்லது செய்வார் என்று நம்பித் தெற்கு மாட வீதியில் வக்கீல் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள், அசடு!

"முந்நூறு ரூபாய் கேக்கறா… பதறாதேள்… ஆஸ்பத்திரி சீட்டு வெச்சிருக்காளே! கை தோளுக்கு மேல ஏறாதுன்னு டாக்டர் எழுதிட்டார். கூடையைப் பிடிக்க முடியாது, பொழைப்பே போச்சுங்கறா… ஏய், கையைத் தூக்கு பாப்போம்… ஊஹூம், தோளோட நின்னுடறது. நிஜந்தான்… ஆமாம், குடுத்துத்தான் ஆகணும்."

குப்பம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். முந்நூறு வந்தால் கருவாட்டுக் கடை போட்டு உட்கார்ந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம்.

"என்ன சத்தமா? மேளம்… பங்குனி உற்சவமோன்னோ, ஸ்வாமி வாசலுக்கே வந்தாச்சு… இருங்கோ, லைன்லயே இருங்கோ."

சுவாமி எதிரே வரும்போது தலைக்கு மேல் கைகூப்பாமல் நிற்க அவளுக்குத் தெரியாது. இடது கையால் வலது கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உயிர் போகிற வலியோடு மேலே தூக்கிக் குவித்தாள். முந்நூறும் கிடைக்கட்டும் கபாலி என்று வேண்டிக்கொண்டாள்.

"முதலியார்வாள்! தூக்கிட்டா!… ஆமாம், ரெண்டு கையும், தலைக்கு மேல!… என் குமாஸ்தா பாத்துட்டான், சாட்சிக்கு ஆச்சு… இன்னொரு கையால பிடிச்சுண்டுதான் தூக்கினா, அதனால என்ன? மேல போச்சா இல்லியா?… முந்நூறாவது மண்ணாவது! இருபது ரூபாய் போறும்… ஏய், இருபது தரச் சொல்றேன். கைநாட்டு வெச்சுட்டுப் போ. மாட்டேன்னா கோர்ட்ல பொய்க்காரின்னு நிக்கணும்."

சுவாமி தெருமுனை திரும்பிவிட்டார். குப்பம்மாவின் கை மட்டும் தலைமேலேயே நின்றது. உள்ளே எலும்பு எங்கோ பிசகிக்கொண்டுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஏய், ஸ்வாமி போயாச்சு, கையை இறக்கு… என்னது?… ஒண்ணுமில்லை முதலியார்வாள், இப்போ இறக்க முடியலையாம், அழறா… அது அவ பாடு. சீட்டுல ஏறாதுன்னுதானே எழுதியிருக்கு? இறங்காதுன்னு எழுதலையே!… ஆமாம், ஆமாம்… வெச்சுடறேன்."