மாமியார் கொன்ற கிருமி

பிள்ளைகளே, சிலிபின் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பி போட்டவர், “மச்சான், காசு குடுத்து வாங்கின கிருமியெல்லாத்தையும் என் மாமியார் கொன்னுட்டாங்கடா” என்றார்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். “கிருமியப் போயி எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா?”

“மாடி பாத்ரூம் சிமெண்டுத் தரை வெடிச்சிருக்குலா. தண்ணி நேரா கீழ மாமியார் கட்டில்ல சொட்டுது. அவங்க ஹாலுக்கு வந்துட்டாங்க. டிவி ரிமோட் இப்ப அவங்க தலகாணிக்கு அடியில. நான் பந்து விளையாட்டு பாத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?”

“அதுக்கு எதுக்குடா கிருமி?”

“அந்தக் கிருமித் தண்ணிய வெடிப்புல ஊத்தினா, கிருமியே உள்ள சுண்ணாம்பு உண்டாக்கி வெடிப்ப அடைச்சிருமாம். ஊத்தின கையோட அவங்ககிட்ட வாய விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டுக்குள்ள கிருமியான்னு, பிளீச் ஊத்தித் தேச்சுக் கழுவிட்டாங்க.”

“இப்ப என்ன பண்ணப் போற?”

“மறுபடி வாங்கி ஊத்துவேன். இந்தத் தடவ கோயில் தீர்த்தம்னு சொல்லிருவேன். கழுவ மாட்டாங்கல்ல?”

“கழுவ மாட்டாங்க மச்சான். குடிச்சிருவாங்க.”